இவ்வளவு

வறுவலா தொக்கா என்று கேட்டார் கவுஸ் பாய்.
அளக்க, என்றேன்.
நான்தான் அளந்துட்டேனே, அறுநூத்தம்பது கிராம்,
என்று தராசைத் தட்டிக் காட்டினார்.

சைதாப்பேட்டையிலிருந்து காட்பாடிக்கு
ஷேர் ஆட்டோவில் மடிமேல் ஈரல்.
அக்கினி நட்சத்திரம்.
பாலத்துக்குக் கீழே பாலாறு என்ற பெயரில் மணல்.
இறங்குறவங்க சில்லறையா குடுங்க என்கிறான் டிரைவர்,
எனக்கோ அவசரம்.
வெட்டி இரண்டு மணி நேரம் தாண்டினால்
ஈரல் வேறு எண்ணாகிவிடும்.

ஆய்வகத்தில் ஊசிமுனை அளவுக்குக் கருவி இறங்குகிறது.
எவ்வளவு எதிர்த்தது என்று ஒரு கோடு.
திரும்பி மேலே வரும்போது
அதே கோட்டில் வருவதில்லை.
போன வழி வேறு, வந்த வழி வேறு.
இடையில் இளம்பிறைபோல் ஒல்லியாக ஒரு பரப்பு:
அழுத்தியதில்
ஈரல் தனக்கென்று வைத்துக்கொண்டது.

திரையில் அதைப் பதினோராயிரம் நான்முகிகளாக வெட்டினேன்.
ஒன்றின் தோளை ஒன்று பிடித்திருக்கும்.
ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றுக்கும் சேதி போகவேண்டும்,
வினாடிக்கு ஆயிரம் தடவை.
கண்ணுக்கு முப்பது போதும்.
கண் பெருந்தன்மை உள்ளது,
விட்டுப்போனதைத் தானே நிரப்பிக்கொள்ளும்.
விரல் அப்படியில்லை.
ஒரே ஒரு பதில் தாமதித்தாலும்
ஈரல் நடுங்குதே என்று புகார் சொல்லும்.

பொறுமையிழந்து கால இடைவெளியைக் கூட்டிய இரவில்
கணக்கு உடைந்து
முடிச்சுகளெல்லாம் வெளியே பாய்ந்து
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் மாதிரி
சிலிர்த்து நின்றது ஈரல்.
திருஞானம் படமெடுத்து வைத்துக்கொண்டான்.
சாம்பாருக்கு ஆகும், என்றான்.

டாக்டர் லில்லி கிரேஸ் வந்தபோது மணி ஒன்பது.
பேனா போன்ற கைப்பிடியைப் பிடித்து
நாலு தடவை அழுத்திப் பார்த்தார்.
நல்ல ஈரல், என்றார்.
சந்தோஷப்படுவதற்குள்
ரொம்ப நல்ல ஈரல், என்றார்.
நல்லா மேஞ்ச ஆடு.
எங்கிட்ட வர்றது இப்படி இருக்காதும்மா.

எப்படி இருக்கும்,
எத்தனை கிலோபாஸ்கல்?

அவரிடம் எண் இல்லை.
என் முன்கையைத் திருப்பி
உள்பக்கம் கட்டைவிரலை வைத்தார்.
இது கொழுப்பு ஈரல், இவ்வளவுக்கே கிழிஞ்சிடும்.
விரல் பட்டதே தெரியவில்லை.
இது குடிச்சுக் குடிச்சு இறுகினது,
இவ்வளவு அழுத்தினாலும் மசியாது.
எலும்பு வரைக்கும் போனது.
பிறகு இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்
விரல் நின்றது, எடுக்கவில்லை.

இது?

இது போன வருஷம் ஆகஸ்ட்ல, என்றார்.
இவ்வளவு அழுத்தியிருக்கக் கூடாது.

கைகழுவப் போய்விட்டார்.
குழாய் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்
விசை உணரியை முன்கைமேல் வைத்து
நானே என் கட்டைவிரலால்
அந்த நடு அழுத்தத்தைத் தேடினேன்.
கூட, குறைய, கூட.
தோல் சிவந்து
நேற்றைய இடம் இன்றைய இடத்தோடு பொருந்தியபோது
நாலு புள்ளி ஆறு நியூட்டன்.
நிரலில் எழுதினேன்.
எங்கிருந்து கிடைத்தது என்று குறிக்கவேண்டிய வரியை
காலியாக விட்டேன்.

இப்போது லாலின்பூயி உட்கார்ந்திருக்கிறாள்,
ஐஸாலிலிருந்து வந்தவள், முதல் வருடம்.
பதினேழு தடவை கிழித்துவிட்டாள்.
ஒவ்வொரு தடவையும் ஒரு பொத்தான்,
ஈரல் ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்கிறது.
ஸாரி, என்கிறாள் திரையைப் பார்த்து,
பதினேழு தடவையும்.

நாளை ஏழு மணிக்கு முதல் கேஸ், மால்டாக்காரர்.
பத்துக்கு மேல் தண்ணீர் கூடாதென்று
நர்ஸ் சைகையில் சொல்லியாயிற்று.
பாபுராவ் தெரு லாட்ஜில் அவர் தம்பி
வாடகை அடுப்பில் சோறு வடிக்கிறான்,
பழக்கத்தில்
இரண்டு பேருக்கு.

பதினெட்டு.
டாக்டர் பின்னால் நிற்கிறார்.
லாலின்பூயியின் கை இறங்குகிறது,
மூன்று புள்ளி ஒன்பது,
நாலு புள்ளி இரண்டு,
நாலு புள்ளி நாலு.
என் முன்கை
தானாகச் சுருங்குகிறது.